வேர்க்கடலைக் கொல்லையில் யூரியா என்ன செய்கிறது, எரு என்ன செய்கிறது?

ஆடி மழைக்கு வேர்க்கடலை விதைத்து இருபது, இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்து மேட்டு நிலக் கொல்லைகளில் அந்த நேரத்தில் பயிர் லேசாக வெளிறி நிற்பது வழக்கம். முதல் களை வெட்டிய கையோடு அரை மூட்டை யூரியாவைத் தூவிவிட்டு வருவதும் வழக்கம். நாலைந்து நாளில் இலை கரும்பச்சையாகிவிடும். வரப்பில் போகிறவர்கள்கூட "பயிர் தேறிடுச்சு" என்பார்கள். அறுவடைக்குப் பிடுங்கும்போது கொடி நன்றாகத்தான் இருக்கும், காயைத்தான் தேட வேண்டியிருக்கும். விதை சரியில்லை, மழை சரியில்லை என்று பழி வேறு பக்கம் போய்விடும்.

விதையும் மழையும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அந்த அரை மூட்டை யூரியா மண்ணுக்கடியில் என்ன செய்தது என்பதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகிவிட்டது. மேட்டு நிலத்துப் பயிர் என்றால் நான்கிலுமே வேர்க்கடலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஊடுபயிராகத் துவரை, வரப்போரம் மொச்சையும் காராமணியும், மழை பிந்தினால் கொள்ளு, கிணற்றில் தண்ணீர் இருந்தால் உளுந்து. எல்லாம் ஒரே பயறுவகைக் குடும்பம். மண் பெரும்பாலும் செம்மண், தழைச்சத்தும் (அதாவது நைட்ரஜனும்) மட்கும் குறைந்த மண். இந்த ஏழை மண்ணில் இந்தக் குடும்பத்துப் பயிர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக விளைந்துகொண்டிருக்கின்றன என்றால், தழைச்சத்தை அவை வேறெங்கிருந்தோ எடுக்கின்றன என்றுதான் அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 800 கிலோ காய் தரும் வேர்க்கடலைப் பயிர் வேர், கொடி, இலை, காய் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 65 கிலோ நைட்ரஜனை வைத்திருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ நைட்ரஜன். அப்படியானால் ஒரு ஏக்கர் வேர்க்கடலைக்குள் மூன்று மூட்டை யூரியாவுக்குச் சமமான நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பாருங்கள். மழையை நம்பிய மானாவாரிக்கு ஏக்கருக்கு 4 கிலோ நைட்ரஜன், பாசனமுள்ள இறவைக்குச் சுமார் 10 கிலோ, அவ்வளவுதான். நெல்லுக்கும் கரும்புக்கும் அள்ளிக்கொடுக்கச் சொல்கிறவர்கள் கடலைக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. மீதியில் கொஞ்சத்தை மண் தரும், பெரும்பகுதியைப் பயிர் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் நேரடியாக அதைத் தொட முடியாது. யூரியா தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பை உடைப்பதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேலான அழுத்தமும் வேண்டும். பயறுவகைச் செடியின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியா இதே வேலையை நம் கொல்லை மண்ணின் சூட்டிலேயே முடித்துவிடுகிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள், 1886-ல். மணல் தொட்டிகளில் ஓட்ஸையும் பட்டாணியையும் வளர்த்தார்கள். ஓட்ஸ் எவ்வளவு நைட்ரேட் கொடுத்தார்களோ அவ்வளவுதான் வளர்ந்தது. பட்டாணி அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. நைட்ரேட்டே இல்லாத தொட்டிகளில் சில செடிகள் வாடிப்போயின, சில செடிகள் செழித்து நின்றன. செழித்தவற்றின் வேரில் முடிச்சுகள் இருந்தன. கிருமி நீக்கிய மணலில் முடிச்சு வரவில்லை, அதில் வயல் மண் கரைசலைக் கொஞ்சம் ஊற்றினால் வந்தது. இரண்டு வருஷம் கழித்து 1888-ல் பெயரிங்க் என்ற டச்சுக்காரர் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்று பாக்கெட்டில் விற்பது அந்தக் குடும்பத்தைத்தான்.

வேர்க்கடலையில் இந்தப் பாக்டீரியா நுழையும் வழி கொஞ்சம் தனி. பல பயறுகளில் வேர்த்தூவி வழியாகச் சுருண்டு நுழையும். கடலையில் பக்கவேர் முளைத்து வெளியே வரும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு வழியாகப் புகுந்துகொள்ளும். அதனால்தான் செடியை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பார்த்தால் முடிச்சுகள் பக்கவேர்களின் கக்கத்தில் குண்டூசித் தலைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். காராமணி, உளுந்து, பச்சைப்பயறு, துவரை, கொள்ளு ஆகியவற்றுக்கும் கடலைக்கும் ஏறக்குறைய ஒரே கூட்டத்துப் பாக்டீரியாதான். ஆகவே தலைமுறை தலைமுறையாகக் கடலையும் கொள்ளும் மாறி மாறிப் போட்ட கொல்லையில் விதைக்கு முன்பே ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலை இலவசமில்லை. ஒரு மூலக்கூறு நைட்ரஜனை உடைக்க பாக்டீரியா 16 ஏ.டி.பி. செலவழிக்கிறது; ஏ.டி.பி. என்பது உயிரணுவுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு. அந்தச் சக்தி முழுக்க இலை தயாரித்து வேருக்கு அனுப்பும் சர்க்கரையிலிருந்து வருகிறது. செடி சும்மா விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. மண்ணில் நைட்ரேட் கிடைத்தால் அதை உறிஞ்சிக்கொள்வது செடிக்கு இதைவிட மலிவு. வாசலுக்கே சோறு வந்து சேர்ந்தால் யார் அடுப்பு மூட்டுவார்கள்?

யூரியா கொல்லையில் விழுந்தால் நடப்பது இதுதான். ஈரமான செம்மண்ணில், இந்த ஊர்ச் சூட்டில், மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்சைம் சில நாட்களில் அதை அம்மோனியமாக மாற்றிவிடும். அப்புறம் வேறு வகைப் பாக்டீரியாக்கள் ஒன்றிரண்டு வாரத்தில் அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த நைட்ரேட்தான் வேர்முடிச்சுக்கு எதிரி. அது மூன்று இடத்தில் தடுக்கிறது. புது முடிச்சு உருவாவது குறையும். உருவானது வளராமல் சின்னதாகவே நிற்கும். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த முடிச்சுக்குள் ஆக்சிஜன் போவது குறைந்து அதுவும் மந்தமாகும். நைட்ரேட் தொட்ட வேரில் மட்டும் நடக்கும் விஷயமில்லை இது. எத்தனை முடிச்சு போதும் என்பதை வேரும் இலையும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி முடிவு செய்யும் ஏற்பாடு செடிக்குள் இருக்கிறது. தழைச்சத்து நிறைய வருகிறது என்று தெரிந்தால் முழு வேருக்குமே 'போதும்' என்ற உத்தரவு போய்விடும்.

இப்போது அந்த இருபத்தைந்தாம் நாளுக்கு வருவோம். விதைப் பருப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். முதல் இரண்டு வாரத்துக்குச் செடி அதை வைத்தே ஓட்டிவிடும். வேர்முடிச்சு கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஒழுங்காகச் சம்பாதித்துக் கொடுக்க நாலாவது வாரம் ஆகிவிடும். கையிருப்பு தீர்ந்து வரவு தொடங்காத இடைவெளியில்தான் இலை வெளிறுகிறது. ஒரு வாரம் பொறுத்தால் தானாகவே பச்சை திரும்பும். அந்த வாரத்தில் போய் யூரியாவைத் தூவினால் முடிச்சு எழுந்து நிற்கப்போகிற சரியான நேரத்தில் அதை உட்கார வைக்கிறோம். அரை மூட்டையின் 10 கிலோ நைட்ரஜன் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். பூ எடுத்து, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பிடிக்கிற காலத்தில் செடிக்குத் தழைச்சத்து அதிகம் தேவைப்படும்போது மூட்டையும் இல்லை, முடிச்சும் இல்லை. அதற்குள் கொடி மட்டும் நன்றாகப் படர்ந்து, இளந்தழை தின்னும் பூச்சிகளுக்கு வசதியாகியிருக்கும்.

அப்படியானால் தழைச்சத்தே வேண்டாமா? கொஞ்சம் வேண்டும், அதுவும் விதைக்கும்போதே. மட்கு குறைந்த செம்மண்ணில் அடியுரமாக ஒரு சின்ன அளவு கொடுத்தால் அந்தப் பஞ்ச வாரத்தைத் தாண்ட உதவும், முடிச்சு வரும் நேரத்துக்குள் அது செலவாகியும் விடும். பரிந்துரையில் 4 கிலோ, 10 கிலோ என்று இருப்பது இதற்குத்தான். ஒரே அளவு நைட்ரஜன், விதைப்பன்று போட்டால் உதவி, இருபத்தைந்தாம் நாள் போட்டால் இடைஞ்சல்.

டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ நைட்ரஜனும் 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ் தரும் சத்து) இருக்கின்றன. இறவைக் கடலைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. அடியுரமாகப் போனாலே தழைச்சத்துக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதற்கு மேல் போடும் யூரியா முழுக்க உபரி. தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட் போடுகிறவர்களுக்குத்தான் கூடவே கொஞ்சம் யூரியா வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் கடலைக்கு சூப்பர்தான் நல்லது, அதில் கந்தகமும் சுண்ணாம்பும் கூடவே வருகின்றன. ஆனால் டி.ஏ.பி. ஒரு மூட்டை தூக்குவதும் அதே மணிச்சத்துக்குச் சூப்பர் கிட்டத்தட்ட மூன்று மூட்டை தூக்குவதும் ஒன்றில்லை என்பதும் உண்மைதான்.

யூரியா மேல் ஏன் இத்தனை ஆசை என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். மலிவாகக் கிடைப்பது, போட்ட நாலாம் நாள் கண்ணுக்குப் பச்சையாகப் பலன் காட்டுவது, வேறென்ன வேண்டும்?

இலை மஞ்சளானாலே தழைச்சத்துக் குறை என்று எடுத்துக்கொள்வதும் ஒரு பழக்கம். கந்தகம் குறைந்தாலும் மஞ்சளாகும், ஆனால் அது இளம் இலையில் தொடங்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் இரும்புச்சத்து எட்டாமல் போனால் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளிறும். தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டியும் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையிலிருந்து மேலே ஏறும். சந்தேகமென்றால் முப்பது, முப்பத்தைந்தாம் நாளில் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறம் அல்லது சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு பொருள் முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது, அதன் நிறம்தான் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உதவாத பாக்டீரியா. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்துவிட்டது. சிவப்பு முடிச்சு நிறைய இருக்கும் கொல்லையில் யூரியாவுக்கு எந்த வேலையும் இல்லை.

குப்பை அடிப்பதில் இருக்கும் கணக்கு

எருவைப் பற்றிப் பேசும்போது இரண்டு கட்சி இருக்கிறது. எருவில் சத்தே இல்லை, மண்ணைத்தான் சுமக்கிறோம் என்பது ஒன்று. எரு எவ்வளவு போட்டாலும் கெடுதலே இல்லை என்பது இன்னொன்று. பயறுவகைப் பயிரைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு.

குப்பை என்று நாம் சொல்லும் தொழு எருவில் தோராயமாக அரை சதவீதம் நைட்ரஜன். பரிந்துரைப்படி ஏக்கருக்கு 5 டன் குப்பை அடித்தால் 25 கிலோ நைட்ரஜன் உள்ளே போகிறது. ஒரு மூட்டை யூரியாவைவிட அதிகம். பிறகு ஏன் வேர்முடிச்சு கெடுவதில்லை? எருவில் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் மட்கின் உடம்போடு கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்கும். முதல் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிவந்தாலே பெரிது. எந்த வாரத்திலும் மண்ணில் நைட்ரேட் குவிந்து கிடக்காது.

அதைவிட முக்கியம் நைட்ரஜனைத் தவிர எருவில் இருப்பவை. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு மணிச்சத்து நிறைய வேண்டும், ஏ.டி.பி.யே பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்தானே. அந்த வேலையைச் செய்யும் நைட்ரோஜினேஸ் என்சைமுக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எருவில் இருக்கிறது. காற்றிலிருந்து எடுக்க முடிந்த ஒரே சத்தைத்தான் யூரியா தருகிறது. காற்றிலிருந்து எடுக்க முடியாததையெல்லாம் எரு தருகிறது. பயறுக்கு எதை வாங்கிப் போடுவது என்ற கேள்வியே இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஈரம் இன்னொரு காரணம். வறட்சி வந்தால் இலை வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை குறைந்துவிடும். மானாவாரிக் கொல்லையில் இரண்டு மழைக்கு நடுவில் பதினைந்து நாள் காய்ந்தால் தழைச்சத்து வரவும் காய்கிறது. எரு கலந்த மண் ஈரத்தைச் சில நாள் கூடுதலாகப் பிடித்து வைக்கும். கடலைக்கு இதில் தனி லாபமும் உண்டு. பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைக் குத்தி உள்ளே போக வேண்டும். காய்ந்தால் இறுகிப்போகும் செம்மண்ணில் பாதி விழுது மேலேயே நின்றுவிடும். எரு பொலபொலப்பாக வைத்திருக்கும். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் சுண்ணாம்புச்சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கச் சொல்வதும் இந்தக் கட்டத்துக்குத்தான். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, தன் தோல் வழியாக மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகிறது.

5 டன் குப்பைக்கு இன்று எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்கு இரண்டு மாடு இருந்தாலே அதிகம், டிராக்டர் லோடு விலை கொடுத்து வாங்கினால் பாதி மண்தான் வருகிறது. மானாவாரிக்கு ஒரு வழி, ஊட்டமேற்றிய தொழு எரு. ஏக்கருக்கு 300 கிலோ நல்ல மட்கிய எருவோடு அந்த ஏக்கருக்கான சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்தி, மூடி, ஒரு மாதம் வைத்திருந்து விதைக்கும்போது உழவுச் சாலில் இடுவது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். எருவோடு சேர்ந்து போனால் அந்தப் பிடியில் சிக்குவது குறைகிறது.

எருவிலும் எல்லாம் ஒன்றில்லை. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்று சொல்வார்கள். காய்ந்த ஆட்டுப் புழுக்கையில் 3 சதவீதம் வரை நைட்ரஜன் இருக்கும், சீக்கிரம் மட்கும். கோழி எருவும் ஏறக்குறைய அதே அளவு, ஆனால் அதில் பெரும்பங்கு யூரிக் அமிலமாக இருப்பதால் யூரியாவைப் போலவே வேகமாகக் கரைந்து நைட்ரேட்டாகும். பண்ணையிலிருந்து இரண்டு டன் கோழி எரு வாங்கி ஒரு ஏக்கர் உளுந்துக்கு அடித்தால் 60 கிலோ நைட்ரஜன் போட்டதாக ஆகும், மூன்று மூட்டை யூரியா. "நான் கெமிக்கலே போடலை, ஆனாலும் செடி தழையாவே போச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் கோழி எருவைப் பற்றிக் கேளுங்கள். நைட்ரேட் மூட்டையிலிருந்து வந்ததா, கோழிக்கூண்டிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. கோழி எருவைக் கேழ்வரகுக்கோ நெல்லுக்கோ கொடுத்துவிட்டு, அதற்கு அடுத்த பட்டத்தில் கடலை போடுவது புத்திசாலித்தனம். அதன் மணிச்சத்து கடலைக்கு மிச்சமிருக்கும், நைட்ரேட் அதற்குள் செலவாகியிருக்கும்.

மட்காத சாணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது வேறு வம்பு. வேர்ப்புழுவும் கரையானும் களை விதையும் கூடவே வந்துவிடும். வைக்கோல் அதிகமான மட்காத எரு என்றால், வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்ச நைட்ரஜனையும் முதலில் எடுத்துக்கொள்ளும். வேர்முடிச்சு வருவதற்கு இது கெடுதலில்லை, சொல்லப்போனால் நைட்ரேட் குறைவதால் முடிச்சு கூடலாம். ஆனால் அந்த முதல் மூன்று வாரப் பட்டினி இன்னும் கடுமையாகும்.

கணக்கில் வராத உரம் ஒன்று

கிணற்றுத் தண்ணீர். நம் பக்கம் பாறைக்கு மேல் கொஞ்சம் மண், பாறை வெடிப்பில் கொஞ்சம் தண்ணீர். ஊருக்கு நடுவிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ இருக்கும் கிணற்றில் சாணக்குழி, கழிவறைத் தொட்டி, போன வருஷத்து யூரியா எல்லாவற்றின் நைட்ரேட்டும் இறங்கிச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். சரியாக அந்த அளவில் நைட்ரேட் உள்ள தண்ணீரை ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் பாய்ச்சினால் சுமார் 1 கிலோ நைட்ரஜன் சேர்கிறது. மார்கழிப் பட்டத்து இறவைக் கடலைக்கு மொத்தம் இருபது அங்குலம் தண்ணீர் பாய்ந்தால் 20 கிலோ. யாரும் தூவாமலேயே ஒரு மூட்டை யூரியா. அந்தக் கிணற்றுப் பாசனத்தில் மேலுரமாக இன்னும் யூரியா போடுவது எதற்கு? விரிஞ்சிபுரத்தில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மண்ணைப் பரிசோதிக்கக் கேட்கப் போகிறவர்கள் தண்ணீரையும் எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டுவிட்டு வரலாம். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பு ஏறிய இடங்களில் பிரச்சினையே வேறு. உப்பு ஏறினால் செடிக்கு முன்னால் முடிச்சு அடிபடும், அங்கே எருவா யூரியாவா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

ரைசோபியம் பாக்கெட் பற்றியும் சொல்லிவிடலாம். விலை குறைவு, அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள். பூஞ்சாண மருந்து தடவினால் ஒரு நாள் விட்டுத்தான் இதைத் தடவ வேண்டும், இல்லையென்றால் பாக்டீரியா செத்துவிடும். கடைக்காரர் வெயிலில் வைத்திருந்த பாக்கெட்டாலும் பயனில்லை. கடலை காலங்காலமாக விளையும் கொல்லையில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஏற்கெனவே அங்கே ஆள் இருக்கிறது. நீண்ட நாள் நெல்லே விளைந்த கழனியில் முதன்முதலாக உளுந்தோ கடலையோ போடும்போது கட்டாயம் தடவலாம்.

உளுந்து, பச்சைப்பயறுக்குப் பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலையில் தெளிக்கச் சொல்கிறார்களே, அது மட்டும் முடிச்சைக் கெடுக்காதா? கெடுக்காது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யில் இருப்பது முக்கால் கிலோவுக்கும் குறைவான நைட்ரஜன், அது இலை வழியாகப் போகிறது, மண்ணில் நைட்ரேட் சேருவதில்லை. அந்தக் கட்டத்தில் சர்க்கரையெல்லாம் காய்க்குப் போவதால் முடிச்சு தானாகவே ஓய்ந்துகொண்டிருக்கும். காய் நிரப்ப இலையிலிருந்து சத்தை உருவுவதால் இலை பழுக்கத் தொடங்கும். தெளிப்பு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது.

கொடி எங்கே போகிறது?

'கடலை போட்டா மண்ணு தேறும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பாடப் புத்தகமும் அதையே சொல்கிறது. இதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் வளர்த்து அப்படியே மடக்கி உழுகிறோம். காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் முழுக்க நிலத்திலேயே இருக்கிறது. கடலையை நாம் வேரோடு பிடுங்குகிறோம். காயை ஆய்ந்து மண்டிக்கு அனுப்புகிறோம், கொடியைப் போர் போட்டு மாட்டுக்கு வைக்கிறோம். ஏக்கருக்கு 800 கிலோ காயோடு 28 கிலோ அளவுக்கு நைட்ரஜன் வெளியேறுகிறது, ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான காய்ந்த கொடியோடு இன்னொரு 20 கிலோ. நிலத்தில் தங்குவது உதிர்ந்த இலையும் அறுந்த வேரும்தான். செடி தன் தேவையில் பாதியைத்தான் காற்றிலிருந்து எடுத்தது என்றால் நிலம் தேறவில்லை, கொடுத்திருக்கிறது. யூரியா போட்டு முடிச்சைக் குறைத்த கொல்லையில் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

கொடியை மாட்டுக்கு வைக்காதே என்று சொல்ல முடியாது. பால் அதில்தான் இருக்கிறது. மாடு தின்ற நைட்ரஜனில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடும். சிக்கல் என்னவென்றால் அதில் பாதி அளவு மூத்திரத்தில் இருக்கிறது, அதைக் கொட்டகைத் தரை குடித்துவிடுகிறது. சாணமும் வீட்டோரக் குவியலில் வேலூர் வெயிலில் திறந்து கிடந்து அம்மோனியாவை ஊருக்கெல்லாம் தானம் செய்கிறது. கொட்டகையில் செம்மண்ணோ கடலைத் தோலோ பரப்பி, நனைந்ததை வாரி, மர நிழலில் குழி வெட்டிச் சாணத்தோடு போட்டு மேலே மண் மூடினால் யூரியா செலவில் கணிசமான பகுதி மிச்சமாகும். இதில் புதிதாக எதுவும் இல்லை, தாத்தா காலத்தில் செய்ததுதான்.

இன்னொரு சிக்கல் தூரம். குழியில் சேர்த்த எருவும் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கழனிக்கும் கரும்புக்கும்தான் போகிறது. கொடி வந்தது மலையடிவாரக் கொல்லையிலிருந்து, அங்கே டிராக்டர் ஏற வாடகை அதிகம். இப்படியே வருஷா வருஷம் கொல்லையின் சத்து கழனிக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இதற்குச் செலவு குறைந்த வழி என்றால் ஆட்டுப்பட்டிதான். ஆடு தன் காலில் நடந்துபோய் எருவை அங்கேயே போடும், மூத்திரமும் மண்ணிலேயே இறங்கும். ஒவ்வொரு இரவும் பட்டியை நகர்த்தி, விடிந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டினால் அம்மோனியா ஆவியாகிப் போவது குறையும். ஆட்டு எரு வேகமாகக் கரையும் என்பதால் கடலை விதைப்புக்கு முந்தின வாரம் பட்டி போடுவது யூரியா போட்ட மாதிரியே ஆகிவிடும். மாசி, பங்குனியில் போட்டுவிட்டால் கோடை மழைக்கு அதன் முதல் வேகம் அடங்கி, ஆடிக்குள் மண்ணோடு சேர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் ஆட்டுக்காரர் கிடைக்கவில்லையா, பட்டி போட்ட நிலத்தில் அந்த வருஷம் கேழ்வரகை விதைத்துவிட்டு அடுத்த வருஷம் கடலைக்குப் போகலாம்.